ஒரே பெயர், இரண்டு ஆட்சி: செட்டிநாட்டு வீடு ஒன்றின் ஆவணப் பெட்டிகளை வகைப்படுத்திய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நகரத்தார் ஊர். ஐந்து புள்ளிகளுக்கு (நகரத்தார் வழக்கில் புள்ளி என்றால் ஒரு குடும்பக் கணக்கு) பொதுவான பெரிய வீடு. வீட்டின் இரண்டாம் கட்டு அறை ஒன்றில் மூன்று தகரப் பெட்டிகளும் ஒரு தேக்குப் பெட்டகமும் பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் இருந்தன. உள்ளே ஏறத்தாழ 1,400 தாள்கள்: பேரேடுகள், சிட்டைகள் (நாள்கணக்குகள்), ஐந்தொகைகள் (இருப்புநிலைக் கணக்குகள்), உண்டியல்கள் (பணமாற்றுச் சீட்டுகள்), ஏஜெண்டுகளின் சம்பளச் சீட்டுகள், வெளியூர்க் கடைகளிலிருந்து வந்த கடிதங்கள், பாகப்பிரிவினைப் பத்திரங்கள், கோர்ட்டு நகல்கள். காலம் 1880களிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை. அடிப்பெட்டியில் இராமபாணப் பூச்சி ஏறியிருந்தது. தாள்கள் கெடுவதற்குள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பட்டியல் போட்டுவிடுவது என்று பங்காளிகள் முடிவு செய்தார்கள்.

அவசரக் காரணம் ஒன்றும் இருந்தது. ஒரு புள்ளியின் பங்கில் வந்த நிலத்தை விற்க, தாது வருஷத்துப் (1936-37) பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் தேவைப்பட்டது. மூலப் பத்திரம் பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்பது குடும்பத்தின் நம்பிக்கை.

முதல் பட்டியலை வீட்டுப் பிள்ளைகள் இருவர், கல்லூரி விடுமுறையில் போட்டார்கள். எக்ஸல் ஷீட்டில் ஐந்து பத்திகள்: வரிசை எண், தேதி, வகை, ஊர், சுருக்கம். கையெழுத்துப் படிப்பதில் இருவரும் கெட்டிக்காரர்கள். பழைய தமிழ் எண்களையும் பின்னக் குறிகளையும் தடுமாறாமல் வாசித்தார்கள். கோளாறு படிவத்தில் இருந்தது. "ஊர்" என்று ஒரே ஒரு பத்தி வைத்தால், ஊரும் ராஜ்யமும் ஒரே பெயரில் இருந்த இடங்கள் எல்லாம் அதற்குள் விழுந்து ஒன்றாகிவிடும்.

செட்டிநாட்டுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. 1948 வரை நகரத்தார் ஊர்களுக்கு நடுவே ஓர் அரசியல் எல்லை ஓடியது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பிரிட்டிஷ் இந்தியா. சென்னை மாகாணத்தின் இராமநாதபுரம் ஜில்லா. இராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி, அரிமளம் பக்கம் தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோயில் புள்ளிக் கணக்கும் எல்லையைப் பார்த்து நடக்கவில்லை. பத்திரப் பதிவும் கோர்ட்டும் முத்திரைத்தாளும் எல்லையைப் பார்த்துத்தான் நடந்தன. பிரிட்டிஷ் இந்திய வருமான வரிச் சட்டம் சமஸ்தான எல்லைக்குள் செல்லாது என்பதால், வட்டித் தொழில் செய்த குடும்பத்தின் கணக்கில் பணம் எந்தப் பக்கம் நின்றது என்பதே பெரிய செய்தி. ஆகவே ஒரு தாளில் "புதுக்கோட்டை" என்று இருந்தால், அது நகரமா, அந்த ஆட்சிக்கு உட்பட்ட ஏதோ ஒரு கிராமமா என்பது தெரிந்தாக வேண்டும்.

முதல் பட்டியலில் கண்டது: புதுக்கோட்டை

பட்டியலில் மிகுதியாக வந்த பெயர் இதுதான். முந்நூறுக்கும் மேற்பட்ட தாள்கள். அவற்றுள் "இரட்டைப் பிரதி" என்று குறித்துத் தனியே கட்டிய கட்டு ஒன்று இருந்தது. ஸ்கேன் செலவைக் குறைக்க, ஒவ்வொரு இரட்டையிலும் தெளிவாக இருக்கும் பிரதியை மட்டும் ஸ்கேன் செய்து மற்றதை ஒதுக்குவது என்பது திட்டம்.

தேடிக்கொண்டிருந்த பாகப்பிரிவினைப் பத்திரம் அந்தக் கட்டில்தான் இருந்தது. இரண்டு பிரதிகள். இரண்டிலும் தாது வருஷம் ஆவணி மாதம் ஒரே தேதி, அதே பங்காளிகள், அதே சாட்சிகள், முதல் இரண்டு பக்கங்களில் வரிக்கு வரி ஒரே வாசகம். வேறுபாடு இரண்டே இடங்களில். ஒன்றின் முத்திரைத்தாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மற்றதன் தலைப்பில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் பெயர். அடுத்து, கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம். ஒன்றில் இராமநாதபுரம் ஜில்லா நிலங்கள், மற்றதில் திருமயம் தாலுகா நிலங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் காணி இருந்த குடும்பம், அந்தந்த ஆட்சியின் முத்திரைத்தாளில் அந்தந்தப் பதிவு அலுவலகத்தில் தனித்தனியே பதிந்திருக்கிறது. ஒன்றை ஒதுக்கியிருந்தால் பாதிச் சொத்தின் சான்று ஸ்கேனில் இல்லாமல் போயிருக்கும்.

இது வெளிப்பட்டது வீட்டின் மூத்த பெண்மணியால். பிள்ளைகளில் ஒருவர் கேட்டார்: "அப்பத்தா, இது ரெண்டும் ஒரே பத்திரந்தானே? ஒண்ணை மட்டும் ஸ்கேன் பண்ணுனாப் போதும்ல?" பதில்: "அதெப்படிப்பா ஒண்ணாகும்? ஒண்ணு நம்மூருக் காணி, ஒண்ணு சமஸ்தானத்துக் காணி. ராசா சீமையில தனியாப் பதியணும்னு வண்டி கட்டிப் போனதை எங்க மாமா சொல்லுவாக." அன்றே ஸ்கேன் வேலை நிறுத்தப்பட்டது.

நகல் மனுவிலும் அதே குழப்பம் புகுந்திருந்தது. சமஸ்தானப் பிரதியில் இருந்த ஆவண எண்ணையும் ஆண்டையும் எடுத்து, காரைக்குடிப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றில் முன்பே மனுப் போட்டிருந்தார்கள். தேடிக் கிடைத்தது யாரோ இருவருக்கு இடையே நடந்த கிணற்றுப் பங்கு விற்பனை. ஆவண எண் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஆண்டுக்கு ஆண்டு 1 முதல் தொடங்கும். ஆகவே தவறான அலுவலகத்தில் தேடினால் "இல்லை" என்ற பதில் வராது. வேறு ஒரு பத்திரம் வரும். குடும்பம் அதைப் பார்த்து, பத்திரம் பதியப்படவே இல்லையோ, எண் போலியோ என்று அஞ்சியிருந்தது.

கொச்சி

கொச்சித் தலைப்பில் அறுபதுக்கும் மேற்பட்ட தாள்கள். பர்மா அரிசி கொச்சித் துறைமுகத்தில் இறங்கிய காலத்துக் கடிதங்கள், கடன் முறிகள், சில வழக்கு நகல்கள். வழக்கு நகல்களை வரிசைப்படுத்தும்போதுதான் முரண் தெரிந்தது: "கொச்சி" வழக்குகளில் சில சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயிருக்கின்றன, சில எர்ணாகுளத்தில் இருந்த சமஸ்தானத் தலைமை நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. ஒரே ஊரின் வழக்குகள் எப்படி இரண்டு பக்கம் போகும்?

ஒரே ஊர் அல்ல என்பதுதான் விடை. டச்சுக்காரர்கள் 1663இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்த கோட்டைப் பகுதி 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அன்றிலிருந்து கோட்டைக் கொச்சி பிரிட்டிஷ் இந்தியா. சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவின் ஒரு துண்டு. அதை ஒட்டி நடந்து போகும் தூரத்தில் உள்ள மட்டாஞ்சேரியும், காயலுக்கு அப்பால் எர்ணாகுளமும் கொச்சி மகாராஜாவின் ஆட்சி. கொச்சி சமஸ்தானத்துக்குப் பெயர் தந்த துறைமுக நகரத்தின் கோட்டைப் பகுதியே அந்த சமஸ்தானத்துக்குள் இல்லை. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்தன. கோட்டைக் கொச்சியோ மலபாரோடு 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் மூன்றும் ஒரே மாநகராட்சி ஆனது 1967 நவம்பர் 1 அன்று. இன்று வரைபடத்தைப் பார்த்து "கொச்சி" என்று குறிப்பவர் கண்ணுக்கு இந்தக் கோடுகள் எதுவும் படாது.

உறைகள் உதவின, முழுதாக உதவவில்லை. கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் "அஞ்சல்" என்ற சொந்தத் தபால் துறை இருந்தது. திருவிதாங்கூர் 1888இலும் கொச்சி 1892இலும் தம் முதல் தபால் தலைகளை வெளியிட்டன. கொச்சியின் முதல் தலைகளில் மதிப்பு புத்தன் கணக்கில் இருக்கும், திருவிதாங்கூர்த் தலைகளில் சங்கு முத்திரையும் சக்கரக் கணக்கும் இருக்கும். சமஸ்தான அஞ்சல் தலை ஒட்டியிருந்தால் உறை சமஸ்தானத்துக்குள் போடப்பட்டது என்பது உறுதி. ஆனால் பிரிட்டிஷ் இந்தியத் தலை ஒட்டியிருந்தால் அது பிரிட்டிஷ் பகுதியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. சமஸ்தானத்துக்கு வெளியே போகும் கடிதங்களுக்காக சமஸ்தான ஊர்களிலேயே பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையங்களும் இருந்தன. செட்டிநாட்டுக்கு வந்த உறைகளில் பெரும்பாலானவை அந்த வகைதான். முதல் பட்டியலைத் திருத்திய ஒருவர், ஜார்ஜ் தலை ஒட்டிய உறைகளை எல்லாம் "பிரிட்டிஷ் கொச்சி" என்று மாற்றத் தொடங்கியிருந்தார். அதுவும் நிறுத்தப்பட்டது.

ஐதராபாத்

இங்கே கணக்கில் ஓட்டை இருப்பதாகத் தோன்றியது. சென்னைக் கடைப் பேரேட்டில் ஓரிடத்தில் "ஐதராபாத் வகை" வரவு 583-5-4 என்று இருந்தது. அதே தேதி ஐந்தொகையில் அதே வகைக்கு 500-0-0. நடுவே 83 ரூபாய் 5 அணா 4 பை காணவில்லை. பட்டியல் போட்டவர்கள் சுருக்கப் பத்தியில் "தள்ளுபடியா?" என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கடையின் ஏஜெண்டு பணத்தை எடுத்துக்கொண்டாரோ என்ற பேச்சும் பங்காளிகளிடையே எழுந்தது. 80 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஒருவர் மேல், ஆதாரம் இல்லாமல் வந்த பழி.

தொகைக்குப் பக்கத்தில் "ஹா" என்று ஒற்றை எழுத்து இருந்தது. நிஜாமின் ராஜ்யத்துக்குச் சொந்த நாணயம் உண்டு; பேச்சு வழக்கில் ஹாலி சிக்கா, அரசு வழக்கில் உஸ்மானியா சிக்கா. சர்க்கார் கணக்கில் வழங்கிய மாற்று விகிதம் 100 பிரிட்டிஷ் ரூபாய்க்கு 116 ரூபாய் 10 அணா 8 பை ஹாலி. அதாவது ஏழுக்கு ஆறு. 583-5-4ஐ ஏழால் வகுத்து ஆறால் பெருக்கினால் சரியாக 500. பேரேட்டில் வந்த நாணயத்திலும், ஐந்தொகையில் பிரிட்டிஷ் ரூபாயிலும் எழுதியிருக்கிறார்கள். ஒரு பைகூடக் குறையவில்லை.

அதே "ஐதராபாத்" ரங்கூன் கடைப் பேரேடுகளிலும் வந்தது. அங்கே ஹாலி இல்லை, மாற்று இல்லை. எல்லாம் நேரான ரூபாய். எதிர்ப்பெயர்கள் சிந்தி வணிகர்களுடையவை, வகை பட்டு. இது சிந்து நதிக்கரை ஐதராபாத். 1768இல் குலாம் ஷா கல்ஹோரா நிறுவிய நகரம். பின்னர் தால்பூர் மிர்களின் தலைநகர். 1843இல் ஆங்கிலேயர் பிடித்தபின் அங்கே மன்னராட்சி கிடையாது. பம்பாய் மாகாணத்தில் இருந்த சிந்து 1936 ஏப்ரல் 1 அன்று தனி மாகாணமானது, 1947இல் பாகிஸ்தானுக்குப் போனது. அந்த நகரத்துச் சிந்தி வணிகர்கள் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று கடைகள் வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் இருந்த துறைமுகங்களில் எல்லாம் அவர்களும் இருந்தார்கள். தட்சிண ஐதராபாத் முகம்மது குலி குதுப் ஷா 1591இல் நிறுவிய நகரம். நிஜாம் ராஜ்யத்தின் பெயரும் அதுவே. 1948 செப்டம்பர் ராணுவ நடவடிக்கையில் இந்தியாவோடு சேர்ந்து, 1956 நவம்பர் 1 அன்று மூன்று மாநிலங்களாகப் பிரிந்தது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். தமிழில் எழுதும்போது எழுத்துக்கு எழுத்து ஒன்று.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: "இரட்டைப் பிரதி" கட்டு முழுவதையும் பிரித்து, எதையும் ஒதுக்காமல், ஒவ்வொரு தாளையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஸ்கேன் செய்வது. பின்பக்கம் முக்கியம். பதிவு அலுவலக முத்திரை, முத்திரைத்தாள் விற்பனையாளரின் குறிப்பு, வாங்கியவர் பெயர், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். செலவு கூடியது, பங்காளிகள் பேசி ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது: "ஊர்" பத்தியை நீக்கி நான்கு பத்திகள் வைப்பது. தாளில் உள்ளபடி பெயர். ஊர் அல்லது கிராமம். அந்தத் தேதியில் ஆட்சி. அப்படிச் சொல்லச் சான்று. முதல் பத்தியை யாரும் திருத்தக் கூடாது. தாளில் "கொச்சி" என்றால் அங்கே "கொச்சி"தான். மற்ற மூன்றில் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும், தெரியாவிட்டால் வெற்றிடம். நான்காவது பத்தி நிரம்பாமல் மூன்றாவது நிரம்பக் கூடாது என்பது கறாரான விதி.

இதில் ஒரு கருத்து வேறுபாடு இருந்தது. பங்காளிகளில் மூத்தவர் ஒருவர், இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் போட்டால் பிள்ளைகளுக்கு எளிது என்றார். தேடுகிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம். ஆனால் இன்றைய மாவட்டங்களே அண்மையில் வந்தவை: புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பிரிந்தது, சிவகங்கை 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. இன்னொரு முறை எல்லை மாறினால் பட்டியல் மறுபடி தவறாகும். எனவே இன்றைய மாவட்டம் ஐந்தாவது பத்தியாக, தேடுவதற்கு மட்டும் சேர்க்கப்பட்டது. அவர் சொன்னதை ஏற்று அதைக் கிராமப் பெயரோடு சேர்த்தே எழுதினார்கள். நகல் மனுவுக்கு அந்த இரண்டும்தான் தேவை.

மூன்றாவது: சான்றுகளுக்கு ஒரு தரவரிசை. முத்திரைத்தாளும் கோர்ட்டு ஸ்டாம்பும் எல்லாவற்றுக்கும் மேல், ஏனென்றால் தவறான ஆட்சியின் முத்திரைத்தாளில் எழுதிய பத்திரத்தைப் பதிவு அலுவலகம் ஏற்காது. அடுத்து நிலத்தின் தாலுகா. புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்றே தாலுகாக்கள். 1948 மார்ச்சுக்கு முந்திய தாளில் இவற்றில் ஒன்று வந்தால் கேள்வி முடிந்தது. அதற்கு அடுத்து நாணயம், ஆண்டுக் கணக்கு, கடைசியாக அஞ்சல் முத்திரை. தபால் சான்றைக் கீழே வைத்ததற்குக் காரணம் மேலே சொன்னதுதான். புதுக்கோட்டைக்கு அது இன்னும் பயனற்றது, அந்த சமஸ்தானம் தனக்கென்று தபால் தலை வெளியிட்டதே இல்லை. குடும்ப நினைவு தரவரிசையில் இல்லை. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்ட அதைப் போல உதவியது வேறொன்றும் இல்லை.

ஆண்டுக் கணக்கில் மூன்று பொறிகள் இருந்தன. தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும். தாது என்றால் 1876-77, பஞ்சம் வந்த தாது, அல்லது 1936-37. விக்ருதி என்றால் 1890-91 அல்லது 1950-51. இங்கே ஆட்சியின் பெயரே ஆண்டைத் தீர்த்துவைத்தது. விக்ருதி வருஷத் தாளில் "புதுக்கோட்டை சமஸ்தானம்" என்று இருந்தால் அது 1890-91. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948 மார்ச் 3க்குப் பிறகு அந்தத் தலைப்பு வர வழியில்லை. "திருச்சி ஜில்லா புதுக்கோட்டை" என்று இருந்தால் 1948க்கும் 1974க்கும் இடைப்பட்டது. மலையாளக் கரைத் தாள்களில் கொல்லம் ஆண்டு: 1107 சிங்க மாதம் என்றால் 1931 ஆகஸ்டில் தொடங்கும். நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டில் நுட்பமான வேறுபாடு உண்டு. சென்னை மாகாணத்தில் பசலி 1357 தொடங்கியது 1947 ஜூலை 1. நிஜாம் ராஜ்யத்தில் அதே எண் அக்டோபரில் தொடங்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை இரண்டுக்கும் ஓர் எண் வித்தியாசம் இருக்கும். வட்டி நாளைக் கணக்கிடுகிறவர் இதைத் தவறவிட்டால் வட்டியே மாறிவிடும்.

நான்காவது: "சமஸ்தானம்" என்ற சொல்லைப் பார்த்து ஆட்சியை முடிவு செய்யக் கூடாது. இந்தப் பக்கத்துப் பத்திரங்களில் "சிவகங்கை சமஸ்தானம்", "இராமநாதபுரம் சமஸ்தானம்" என்று தாராளமாக வரும். மரியாதைப் பேச்சு அது. இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஜமீன்கள், நிலம் முழுக்க பிரிட்டிஷ் இந்தியா. செட்டிநாட்டையே சுதேச சமஸ்தானமாகக் குறித்த வெளியூர்ப் பட்டியல்களும் உண்டு. அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929இல் கிடைத்த பரம்பரைப் பட்டமான "செட்டிநாட்டு ராஜா" அதற்குக் காரணம். பட்டம் ஆட்சி அல்ல.

கடைசியாக, இந்த மூன்று பெயர்களோடு நிறுத்தாமல், பெட்டியில் வந்த, வரக்கூடிய மற்றப் பெயர்களுக்கும் ஒரு குறிப்புத் தாள் தயாரித்து மேசையில் ஒட்டினார்கள். அதில் இருந்தவற்றில் சில: பாட்னா என்றால் பீகாரின் நகரம், பாட்னா சமஸ்தானம் ஒடிசாவில், அதன் தலைநகர் பலாங்கீர். பிலாஸ்பூர் நகரம் அன்றைய மத்திய மாகாணத்தில், பிலாஸ்பூர் சமஸ்தானம் சிம்லா மலைப் பக்கம். தமிழில் "ஜெயப்பூர்" என்று எழுதினால் ராஜஸ்தானத்துத் தலைநகரும் ஆகலாம், கோராபுட் பக்கத்து ஜமீனும் ஆகலாம். பின்னது 1936 மார்ச் வரை சென்னை மாகாணத்து விசாகப்பட்டினம் ஜில்லாவில் இருந்ததால், சென்னைக் கடைக் கடிதத்தில் அதுவே வர வாய்ப்பு மிகுதி. மைசூர் என்றால் நகரமா ராஜ்யமா என்று பார்க்க வேண்டும். பெங்களூர் மைசூர் ராஜ்யத்துக்குள் இருந்தாலும் அதன் தண்டுப் (கன்டோன்மெண்ட்) பகுதி 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகம். திருவிதாங்கூருக்குப் பெயர் தந்த திருவிதாங்கோடு என்பது தலைநகரான திருவனந்தபுரம் அல்ல. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். அந்தத் தாளிலேயே நாணய விகிதங்களையும் எழுதினார்கள்: திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம்.

பின் நடந்தது

பட்டியல் முழுதும் மறுபடி போடப்பட்டது. புதுக்கோட்டைத் தாள்களில் பாதிக்கு மேல் நகரத்தைச் சேர்ந்தவையே அல்ல. திருமயம் தாலுகாக் கிராமங்கள். "இரட்டைப் பிரதி" கட்டில் இருந்தவற்றில் உண்மையான இரட்டைகள் சில மட்டுமே. மற்றவை எல்லைக்கு இரு பக்கமும் பதிந்த ஜோடிகள். கொச்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கோட்டைக் கொச்சிக்கும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக சமஸ்தானத்துக்கும் போயின. மிச்சம் வெற்றிடம். ஐதராபாத்தில் நாணயக் குறி இருந்ததால் பிரிப்பது எளிதாக முடிந்தது. கடிதங்களில் மட்டும் சில நின்றுவிட்டன.

நகல் மனு இரண்டாம் முறை போனது. இம்முறை எண்ணை மட்டும் கொடுக்காமல், சொத்து விவரத்தில் இருந்த கிராமப் பெயரைக் கொண்டு அது இன்று எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறது என்று பார்த்து, அந்த அலுவலகத்தில், புதுக்கோட்டை சமஸ்தானக் காலப் பதிவு என்று மனுவின் தலைப்பிலேயே எழுதி, ஸ்கேன் செய்த முதல் பக்கத்தையும் பின்பக்க முத்திரையையும் இணைத்தார்கள். பெயர்க் குறியீட்டுப் புத்தகத்தில் பங்காளிகளின் பெயர் கிடைத்தது, நகலும் கிடைத்தது. இராமநாதபுரம் ஜில்லாப் பிரதிக்குத் தனியாக இன்னொரு மனு. விற்பனைக்குத் தேவைப்பட்டது முதல் நகல்தான். இரண்டாவதை, கையில் இருக்கட்டும் என்று வாங்கி வைத்தார்கள்.

சென்னைக் கடை ஏஜெண்டின் மேல் எழுந்த பேச்சுக்கு, 83-5-4 வந்த கணக்கை ஒரு தாளில் எழுதி, பேரேட்டுப் பக்கத்தோடு சேர்த்து ஸ்கேனில் வைத்தார்கள். அந்த ஏஜெண்டின் வழியில் வந்த குடும்பம் பக்கத்து ஊரில் இருக்கிறது. அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்து அனுப்பப்பட்டது. பட்டியலைவிட இதைச் செய்ததுதான் பெரிய காரியம் என்று வீட்டில் சொன்னார்கள். அது உண்மை.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

தாள்களைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பே, எது எந்தக் கட்டில், எந்தக் கயிற்றில் இருந்தது என்று படம் எடுத்திருக்க வேண்டும். முன்னோர் எல்லைவாரியாகக் கட்டி வைத்திருந்ததற்கு அடையாளம் உண்டு. சில கட்டுகளின் மேல்தாளில் "சீமை" என்றும் "கும்பினி" (கம்பெனி, அதாவது பிரிட்டிஷ் பக்கம்) என்றும் எழுதியிருந்தது. தேதி வாரியாக அடுக்கும் ஆசையில் கட்டுகளைக் கலைத்ததால், இன்று வெற்றிடமாக நிற்கும் பல தாள்களின் ஆட்சியைச் சொல்லக்கூடிய ஒரே சான்று போய்விட்டது.

உறைகளிலிருந்து தபால் தலைகளைக் கிழித்து எடுத்த பழைய வழக்கமும் இழப்பே. பெட்டியில் தலை இல்லாத உறைகள் நிறைய. வீட்டில் யாரோ சிறு வயதில் ஆல்பத்துக்கு எடுத்திருக்கிறார்கள். ஆல்பம் கிடைத்தது, எந்தத் தலை எந்த உறையுடையது என்பது இப்போது தெரியாது. உறையில் தலை இருந்தால் அப்படியே ஸ்கேன் செய்ய வேண்டும். தனியாக எடுக்கவே கூடாது.

நாணயத்துக்கு முதலிலிருந்தே ஒரு பத்தி வேண்டும். தொகைக்குப் பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்தையும் சுழியையும் அப்படியே எழுத வேண்டும், பொருள் தெரியாவிட்டாலும். பேரேட்டிலிருந்து தொகையை மட்டும் எடுத்து எக்ஸலில் போட்டபோது "ஹா" போய்விட்டது. மூலத்தைத் திரும்பப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தப் பழி பட்டியலோடு நிலைத்திருக்கும். பெட்டியின் அடியில் கிடந்த சில்லறையையும் சேர்த்துப் பதிய வேண்டும். பிரகதாம்பாள் அமர்ந்திருக்க, மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்று இருக்கும் சிறிய செப்பு அம்மன் காசு புதுக்கோட்டையுடையது. அது கிடந்த கட்டு எங்கே புழங்கியது என்பதற்கு அது ஒரு தடயம்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதை வேலையின் நடுவில் தற்செயலாக விடக் கூடாது. தாள் வகைக்கு ஒன்றாக மாதிரி எடுத்து முதலிலேயே அவர்கள் முன் வைக்க வேண்டும். அவர்கள் சொல்வதை அப்படியே, சொன்ன சொல்லிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். "ராசா சீமை" என்றால் எந்தப் பக்கம், "கோட்டை" என்றால் எந்தக் கோட்டை என்று தெரிந்தவர்கள் அந்தத் தலைமுறையில்தான் இருக்கிறார்கள்.

வெற்றிடமாக நிற்கும் தாள்கள் தனிக் கட்டாகக் கட்டப்பட்டுள்ளன. கட்டின் மேல்தாளில், எந்தச் சான்று கிடைத்தால் எந்தத் தாள் தீரும் என்று எழுதியிருக்கிறது: கொச்சி அரிசி முறிகளுக்கு, முறி எழுதிய கடையின் முகவரி; ஐதராபாத் கடிதங்களுக்கு, எதிர்ப்பக்கத்து ரங்கூன் சிட்டை. ரங்கூன் சிட்டைகளில் சில வேறொரு பங்காளி வீட்டில் இருப்பதாகத் தகவல் உண்டு. அடுத்து திறக்கப்போவது அந்த வீட்டுப் பெட்டகம்.